பக்கக் கதவு மூடும் வரை

வியாபாரிகள் கூட்டுறவு வங்கியின் பக்க அறையில் அன்று மாலை இருந்தவர்கள்:

வங்கியின் தலைவர். உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. உடம்பும் அதே வடிவம் என்பதால் மார்க்கெட் முழுக்க அவருக்கு உருளை என்றுதான் பெயர்.

தலைவரின் மச்சான். குளிர்பதனக் கிடங்கு முதலாளி. வங்கிக்கு ஆகப் பெரிய பாக்கி வைத்திருந்தவர். அதற்குரிய நிதானத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

தலைவரின் சம்பந்தியம்மா. காய் வாங்க வந்ததாகச் சொன்னார். கையில் சூட்கேஸ்.

கம்பிக்கூண்டுக்குப் பின்னால் கேஷியரம்மா.

மேனேஜர்.

கதவோரம் ஸ்டூலில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத ஒரு பெண்மணி.

அந்தப் பெண்மணியை முதலில் கவனித்தது மேனேஜர்தான். முன்பக்க ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத் தலைவர் பின்னாலேயே உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலைவர் ஸ்டூலைத் தாண்டியே போய்விட்டார். யாராவது ஒரு வியாபாரியின் மனைவி அங்கே உட்கார்ந்திருப்பது புதிதல்ல. இந்த வங்கியின் பக்கக் கதவைத் தட்டினால் யார் என்று கேட்கும் பழக்கமே கிடையாது. வாட்ச்மேன் திறந்துவிடுவார். அன்றும் திறந்துவிட்டிருந்தார்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வங்கியின் முன்வாசல் பெரிய தெருவைப் பார்த்திருக்கும். பளபளக்கும் கல் பதித்த படிகள், கட்டிய நாளில் இருந்தது போலவே இருக்கும், ஏனென்றால் அதில் ஏறுபவர்கள் குறைவு. பக்கக் கதவு காய்கறிச் சந்தில் இருந்தது. அதன் சிமெண்ட் படி நடுவில் கிண்ணம் போல் தேய்ந்திருந்தது. வெங்காயத் தோல் காற்றில் பறந்து அறைக்குள்ளேயே வந்து விழும். மற்ற வங்கிகள் கணக்கு முடிக்கும் நேரத்தில்தான் மார்க்கெட்டில் வசூல் ஆரம்பிக்கும். அதனால் வங்கியைத் தொடங்கியவர்கள் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: முன்ஷட்டர் இறங்கினாலும், பக்கக் கதவு திறந்திருக்கும் வரை அன்றைய அலுவல் நேரமே. அந்தத் தீர்மானத்தைக் கண்ணாடி போட்டு, பக்க அறைச் சுவரில் மாட்டியும் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். கோணி ஈரத்தோடு வந்து, தராசுக் கையோடு பணத்தைக் கட்டிவிட்டுப் போக வேறு எந்த வங்கி விடும்?

ஆனால் பணம் போட வந்த வழியிலேயே கடனும் வெளியே போக ஆரம்பித்தது. கடன் கேட்டு வருபவரைப் பற்றி விசாரிக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "நம்மாளா?" நம்மாள் என்றால் முடிந்தது. மச்சானின் கிடங்குக்கு ஒரு கடன். அதற்கு வட்டி கட்ட மச்சான் மனைவி பெயரில் ஒரு கடன். அந்த வட்டிக்கு மச்சானின் டிரைவர் பெயரில் இன்னொன்று. காகிதத்தில் எல்லாமே ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பெட்டியில்தான் ஒன்றும் சேரவில்லை. மேனேஜருக்கு இது தெரியும். எல்லாவற்றிலும் கையெழுத்து அவருடையதுதான்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஆணையத்தின் அதிகாரி. வங்கிகளுக்கு உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அந்த ஆணையம்தான். போன மழைக்காலத்தில் ஒரு குழுவோடு ஆய்வுக்கு வந்து, வங்கியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போயிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்பார். ஏசி அறையை ஒழித்துக் கொடுத்தால், பழைய பைல்கள் அடுக்கிய அறையில்தான் உட்காருவேன் என்பார். தலைவர் அவருடைய காரில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றச் சொன்னபோது, "பில் போடுங்க, பணம் கொடுத்துடறேன்" என்றார். உண்மையாகவே கொடுத்தார். அதுவும் பேரம் பேசி, விலையைக் குறைத்து. அன்றோடு அவருக்கு ஐஸ்பெட்டி என்று பெயர் விழுந்தது. வைத்தது கேஷியரம்மா.

அன்று மத்தியானம்தான் தலைவருக்குத் தலைநகரிலிருந்து போன் வந்திருந்தது. மேனேஜரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"கையெழுத்து ஆயிடுச்சாம்யா. லைசன்ஸ் ரத்து. இன்னிக்கு அலுவல் நேரம் முடிஞ்சதுலேர்ந்து அமலாம். சீல் வைக்க நாளைக்குக் காலைலதான் வருவாங்க."

"இப்ப என்ன பண்றது தலைவரே?"

"நம்ம அலுவல் நேரம் எப்பய்யா முடியும்? சுவத்துல மாட்டி வச்சிருக்கோம்ல! நம்மாளுங்களுக்கு மட்டும் சொல்லு. ஷட்டர இறக்கிட்டு, சந்து வழியா வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். பெட்டில இருக்கிறது எல்லாருக்கும் காணாது. எவனோ ஒருத்தன் நடுத்தெருவுல நிக்கத்தான் போறான். அவன் நம்மாளா இருக்க வேணாம். என்ன யோசிக்கிற? உங்க அக்கா பணமும் உள்ளதானே கிடக்கு?"

அக்காவின் பணம். மேனேஜருக்கு ஆய்வு முடிந்த நாளிலிருந்து தூக்கம் வராமல் செய்தது அதுதான். அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தவள். கண் மங்கியதும் கடையை மெஷின்களோடு விற்றாள். விற்ற பணத்தை எங்கே போடலாம் என்று அவள் நான்கு பேரிடம் விசாரிக்கவில்லை. "நான் இருக்கேன்ல அக்கா" என்று தம்பி சொன்னான். முழுவதையும் கொண்டுவந்து போட்டாள். கூடவே தன்னிடம் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் அழைத்து வந்து கணக்கு ஆரம்பிக்க வைத்தாள். வங்கி மூழ்கினால் ஒரு வரம்பு வரைதான் காப்பீடு உண்டு. அக்காவின் பணத்தில் பாதிக்கு மேல் அந்த வரம்பைத் தாண்டிக் கிடந்தது. இந்த ஒரு மாலைக்குள் எடுக்காவிட்டால் அந்தப் பாதியை மறந்துவிடலாம்.

மேனேஜர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டார்.

"அக்கா, ஷட்டர் இறக்குனதும் பாஸ்புக்க எடுத்துக்கிட்டுப் பக்கக் கதவுக்கு வா."

"எதுக்குடா?"

"வாயேன். வந்தா சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"என்னடா எதிரொலிக்குது? எங்கேர்ந்து பேசுற?"

அவர் வைத்துவிட்டார்.

இப்போது ஐஸ்பெட்டி துணிப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். "வணக்கம் தலைவரே. இது உங்களுக்கு."

தலைவர் திரும்பினார். முகம் வெளிறி, உரித்த உருளைக்கிழங்கு போல் ஆனது. உறையைப் பிரித்துப் படித்தார். படித்து முடிக்கும்போது அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டுவிட்டார்.

"சரிங்க. அலுவல் நேரம் முடிஞ்சதுலேர்ந்துன்னு போட்டிருக்கு. ஒத்துக்கறோம். ஆனா எங்க அலுவல் நேரம் இன்னும் முடியல."

"ஷட்டர இறக்கிட்டீங்களே?"

"அது சும்மா. தூசி வராம இருக்க." தலைவர் சுவரைக் காட்டினார். "பாருங்க. பொதுக்குழு தீர்மானம். நீங்களே ஆய்வுக்கு வந்தப்ப பாத்தீங்க. தப்புன்னு எழுதலையே?"

"எழுதலதான். கொஞ்சம் சத்தமா படிங்களேன். எல்லாரும் கேக்கட்டும்."

தலைவர் படித்தார். மேடையில் பேசிப் பழகிய குரல். பக்கக் கதவு திறந்திருக்கும் வரை அன்றைய அலுவல் நேரமே. படித்துவிட்டு மச்சானைப் பார்த்துக் கண்ணடிக்காத குறைதான். சந்தில் அதற்குள் ஒரு வரிசை சேர்ந்திருந்தது. வங்கி இயக்குநர்களின் மனைவிமார், மகன்கள், கையில் பைகள். படியின் மேல், வரிசையின் முதல் ஆளாக, அக்கா நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்ததும் தலையை ஆட்டி, என்னடா என்று சைகை செய்தாள். கையில் பாஸ்புக்.

"சம்பந்தியம்மா, நீங்க மொதல்ல வாங்க" என்றார் தலைவர். "கேஷியர், டிராயரத் திற."

மேனேஜர் மனதுக்குள் கணக்குப் போட்டார். சம்பந்தியம்மா ஒன்று. அடுத்தது அக்கா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வானமே இடிந்து விழட்டும்.

ஐஸ்பெட்டி எழுந்தார்.

"தீர்மானத்த நானும் ஒத்துக்கறேன்" என்றார். "நல்ல தெளிவா எழுதியிருக்காங்க."

கதவிடம் போனார். "கொஞ்சம் பின்னால நில்லுங்கம்மா. கை நசுங்கிடப் போகுது" என்றார் அக்காவிடம். அக்கா கதவு நிலையில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். ஐஸ்பெட்டி கதவைச் சாத்தினார். கீழ்த்தாழ்ப்பாளைக் காலால் தள்ளினார், மேல்தாழ்ப்பாளை எக்கிப் போட்டார். கையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"பக்கக் கதவு மூடியாச்சு. உங்க தீர்மானப்படி இன்னிய அலுவல் முடிஞ்சது. உத்தரவு இந்த நிமிஷத்துலேர்ந்து அமல்."

கூண்டுக்குள்ளிருந்து டிராயர் படாரென்று மூடும் சத்தம் கேட்டது. "அப்பாடா" என்றார் கேஷியரம்மா. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேனேஜர் கதவையே பார்த்தார். அக்காவின் பாதிப் பணம் அந்தத் தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அவருக்குள்ளிருந்து சிரிப்பு ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருடம் இந்தக் கதவைத் திறந்து திறந்து விட்டிருக்கிறார்! இதை மூடவும் முடியும் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. எழுந்து நாலடி நடந்தால் போதும் என்று இந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது.

"கோர்ட்டுக்குப் போவோம்" என்றார் மச்சான், சாய்ந்த நிலை மாறாமல்.

"தாராளமா போங்க. யார்கிட்ட மேல்முறையீடு பண்ணணும்னு கடைசிப் பக்கத்துல இருக்கு. வங்கியக் கலைச்சுக் கணக்கு முடிக்கிற அதிகாரி நாளைக்கு வர்றார். கடனெல்லாம் வசூல் பண்றது அவர் வேலை. கிடங்குச் சாவியோட வந்து அவரப் பாருங்க."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான்?" என்றார் சம்பந்தியம்மா.

"நீங்க காய் வாங்கத்தானம்மா வந்தீங்க? மார்க்கெட் திறந்துதான் இருக்கு."

பிறகு மூன்று பேரும் முன்ஷட்டரின் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியேறினார்கள். சூட்கேஸ் இரண்டு முறை இடித்தது.

ஐஸ்பெட்டி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"படியில நின்ன அம்மாவுக்கு அப்படியே உங்க மூக்கு."

"எங்க அக்கா."

"நீங்கதான் வரச் சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "ஆமா" என்றார்.

"உத்தரவு வருதுன்னு தெரிஞ்சு?"

"ஆமா."

"அத நான் எழுதத்தான் வேணும்."

"எழுதுங்க."

"அவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இங்க ஒரு வேலை இருக்கு."

முன்பக்கம் கூட்டம் சேரும் இரைச்சல் ஷட்டரையும் தாண்டி வந்தது. ஐஸ்பெட்டியோடு வந்து, வெளியே நோட்டீஸ் ஒட்டப் போயிருந்த இரண்டு போலீஸ்காரர்களில் மூத்தவர் உள்ளே வந்தார். "மேடம், கூட்டம் மோசமா இருக்கு. நோட்டீச ஒட்டியாச்சு. சந்து வழியா உங்கள அனுப்பிடறோம்."

"அந்தக் கதவ இப்பத்தான் மூடுனேன். திறந்தா அலுவல் ஆரம்பிச்சதாயிடும். ஷட்டர ஏத்துங்க."

"மேடம்!"

"பணம் கொடுக்கத்தான் தடை. பேசத் தடையில்ல."

ஷட்டர் ஏறியது. ஐஸ்பெட்டி கவுண்டரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இன்னொன்றைப் போட்டார். மேனேஜர் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார்.

"இங்க வந்து உக்காருங்க" என்றார் ஐஸ்பெட்டி அவரிடம். "உங்க முகத்த நம்பித்தான் போட்டாங்க. முகத்தக் காட்டுங்க."

மேனேஜர் போய் உட்கார்ந்தார்.

கூடைக்காரிகள், மூட்டை தூக்குபவர்கள், கமிஷன் மண்டிக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஐஸ்பெட்டி கத்தவில்லை. முதலில் நின்ற மூட்டைக்காரரை மட்டும் பார்த்துப் பேசினார். அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் மற்றவர்கள் வாயை மூட வேண்டியிருந்தது.

"என் காசு போச்சாம்மா?"

"போகல. உங்க பாஸ்புக்கக் காட்டுங்க. இது வரம்புக்குள்ளதான் இருக்கு. முழுசா வரும்."

"எப்ப?"

"மாசக்கணக்குல ஆகும். அடுத்த வாரம்னு சொன்னா நீங்க சந்தோஷமா போவீங்க. ஆனா அது பொய்."

மூட்டைக்காரர் பாஸ்புக்கைச் சட்டைப்பையில் வைத்தார். "பொய் சொல்லாம ஒருத்தர் இந்த நாற்காலில உக்காந்து இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தத் தக்காளி வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஐஸ்பெட்டியின் தோளில் பட்டு உடைந்து, விதையும் சாறுமாக முழங்கை வரை வழிந்தது. போலீஸ்காரர் லத்தியோடு முன்னால் பாய்ந்தார். ஐஸ்பெட்டி ஒரு கையை உயர்த்திப் போலீஸ்காரரை நிறுத்தினார். மறு கையால் தோளிலிருந்து தக்காளித் தோலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல பழம்" என்றார். "இன்னிக்குத் தக்காளி விக்கிற விலைக்கு இத வீசி எறிய முடியுதுன்னா, அவர் டெபாசிட் கண்டிப்பா வரம்புக்கு மேலதான் இருக்கும். அவர் கவலதான் பெரிசு. மொதல்ல அவர் வரட்டும், வழி விடுங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பின்னால் ஒருவன், "டேய், உன்னத்தான் கூப்பிடறாங்க, போடா" என்று தள்ளிவிட்டான். ஒரு மண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். வரம்புக்கு மேல்தான் இருந்தது. ஐஸ்பெட்டி, கைக்குட்டையால் தோளைத் துடைத்தபடியே, அவருக்கும் அதே குரலில் பதில் சொன்னார். வரம்பு வரைக்கும் நிச்சயம். அதற்கு மேலே இருப்பது, கடன் வாங்கியவர்களிடமிருந்து வசூலாவதைப் பொறுத்தது. எவ்வளவு என்று தனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்.

கடைசி ஆள் போகும்போது ஐஸ்பெட்டியின் தொண்டை கட்டிவிட்டிருந்தது. கேஷியரம்மா எதுவும் கேட்காமல் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஐஸ்பெட்டி இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு, டீக்கான காசை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"திருந்தாது" என்றார் கேஷியரம்மா, அவருடைய காதில் விழும்படியே. ஐஸ்பெட்டி முதல்முறையாகச் சிரித்தார்.

மேனேஜர் சாவிக்கொத்தை அவரிடம் ஒப்படைத்தார். சாவி போனதும் இடுப்புப் பக்கம் எடை குறைந்து ஒரு மாதிரியாக இருந்தது.

"நாளைக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டார் ஐஸ்பெட்டி, கட்டிய தொண்டையோடு. "எந்தக் கடன் யார் பேர்ல ஒளிஞ்சிருக்குன்னு உங்களவிட யாருக்கும் தெரியாது. நீங்க வாயத் திறந்தா, வரம்புக்கு மேல இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும்."

"வாயத் திறந்தா நானும் மாட்டுவேன்."

"மாட்டுவீங்க" என்றார் அவர். மறுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

மேனேஜர் மார்க்கெட்டுக்குள் புகுந்து நடந்தார். வழியில் ஒருவன் அவரைப் பார்த்துத் துப்பினான். இன்னொருவன் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முன்பெல்லாம் இப்படி நடந்தால் கூனிக்குறுகிப் போயிருப்பார். இப்போது அந்தத் தக்காளிச் சாறு வழிந்த தோள்தான் கண்ணுக்குள் நின்றது. மறைக்க எதுவும் இல்லாத ஆளால்தான் அப்படி உட்கார முடியும். தனக்கு அந்த நிலை வர என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அக்காவின் வீட்டு மாடிப்படியில் ஏறினார்.

கதவு திறந்தே இருந்தது. அக்கா கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். படியில் உட்கார்ந்திருந்த, அவளோடு தைத்த இரண்டு பெண்களும் மேனேஜரைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

"கேள்விப்பட்டுட்டியா அக்கா?"

"சந்துல நின்னவங்க என்ன ஊமையா?"

"அக்கா, வரம்பு வரைக்கும் வந்துடும். மிச்சம் எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியல. தெரியாதுன்னுதான் சொல்ல முடியும்."

"காசு கிடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. என்ன வரச் சொன்னியே, இவளுங்க ரெண்டு பேருக்கும் சொன்னியா?"

"இவங்க பணம் வரம்புக்குள்ளதானே அக்கா, முழுசா..."

"சொன்னியா, இல்லையா?"

"இல்ல. உனக்கு மட்டும்தான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். திரும்ப மாட்டிக்கொண்டாள். "நாப்பது பேருக்கு நடுவுல, அந்த உருளை வீட்டு ஆளுங்களோட என்னையும் வரிசையில நிக்க வச்சிருக்க. கதவ என் முகத்துல சாத்தினாங்களே அந்த அம்மா, அவங்களுக்கு என்னப் பத்தி என்ன தோணியிருக்கும்?"

"கை நசுங்கிடும்னு சொன்னாங்களே அக்கா."

"சொன்னாங்க. நல்ல பொம்பள." அவள் குரல் லேசாக இறங்கியது. "நீ இப்ப என்ன பண்ணப்போற?"

"நாளைக்குப் போய் எல்லாத்தையும் சொல்லப்போறேன். கடன் எங்கெங்க போச்சுன்னு. அப்புறம் என்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. உள்ளகூடப் போக வேண்டியிருக்கும். இங்க உள்ள வரல அக்கா, சொல்லிட்டுப் போயிடலாம்னுதான்..."

"மாடிப்படியில நின்னு சொல்லிட்டுப் போற விஷயமாடா இது?" அக்கா படியில் நின்ற பெண்களைப் பார்த்தாள். "நீங்களும் வாங்கடி. உங்க பணத்தப் பத்தி இவன் வாயாலயே கேளுங்க. ஒண்ணு விடாம கேளுங்க."

அந்தப் பெண்கள் மேனேஜரை உரசிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தி விளக்கைப் போட்டாள், மற்றவள் சுவரோரம் கிடந்த பழைய தையல் ஸ்டூலை இழுத்து அறையின் நடுவில் போட்டாள். அவருக்குத்தான் அது. மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலையைத் தாண்டினார்.

அக்கா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.